செருப்புப் பெட்டி நிறையப் பழைய கண்ணாடிகள்: யாருக்குக் கொடுப்பது, எதைக் கழிப்பது?

கேள்வி: வணக்கம் மேடம். கடலூர் புதுப்பாளையத்தில் இருக்கிறேன், ஓய்வு பெற்ற ஆசிரியை. பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போது ஒரு செருப்புப் பெட்டி நிறையப் பழைய மூக்குக்கண்ணாடிகள் கிடைத்தன. மாமனாருடைய சோடாபுட்டி, காலமான என் கணவருடைய சில கண்ணாடிகள், மகன் பள்ளியில் போட்டவை, என் வெள்ளெழுத்துக் கண்ணாடிகள், அப்புறம் ஏழெட்டு கூலிங் கிளாஸ். முதியோர் இல்லத்தில் கொடுக்கலாம் என்று நினைத்தேன். யாருக்கும் உதவாது, போகிக்குப் போட்டுவிடுங்கள் என்கிறாள் மருமகள். அமெரிக்காவில் இருக்கும் மகளோ அங்கே லயன்ஸ் சங்கத்துப் பெட்டியில் போடுவார்கள், பார்சல் அனுப்பு என்கிறாள். குப்பையில் போட மனசு வரவில்லை. என்ன செய்யலாம்? இன்னொன்று, மருமகள் தன் கான்டாக்ட் லென்ஸைத் தினமும் வாஷ்பேசினில் விட்டுவிடுகிறாள், அது சரியா?

பதில்: டீச்சர், உங்கள் மருமகள் சொன்னதில் பாதி சரி, பாதி ரொம்பத் தப்பு. பவர் கண்ணாடி அடுத்தவருக்கு அனேகமாக உதவாது என்பது சரி. போகியில் எரிப்பது மட்டும் கூடவே கூடாது. பிரேமில் பாதி பிளாஸ்டிக், லென்ஸ் பெரும்பாலும் பிளாஸ்டிக், அதன் மேல் பல அடுக்குப் பூச்சு, எரித்தால் அந்தப் புகை முதலில் உங்கள் தெருவின் நெஞ்சுக்குள்தான் போகும். ஷெல் பிரேம் என்கிற தடித்த பிளாஸ்டிக் பிரேம்களில் ரொம்பப் பழையவை சில செல்லுலாய்டில் செய்தவை, அவை குப்பென்று பற்றிக்கொள்ளும்.

முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கும் எண்ணம் நல்லதுதான், ஆனால் ஒரு கண்ணாடியில் என்னென்ன அளவு ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். வலது கண்ணுக்கு ஒரு பவர், இடதுக்கு வேறு. அதற்கு மேல், ஒரு திசையில் மட்டும் வேலை செய்யும் சிலிண்டர் என்கிற பவர், அது எந்தக் கோணத்தில் உட்கார வேண்டும் என்கிற ஆக்சிஸ், இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்கிற பி.டி. இவ்வளவும் உங்கள் கணவருடைய முகத்துக்கும் கண்ணுக்கும் அளந்து வெட்டியவை. பவரே தற்செயலாகப் பொருந்திவிட்டாலும் பி.டி. பொருந்தாவிட்டால் தொல்லைதான். 4 பவர் லென்ஸில் மையத்தை விட்டு 5 மில்லிமீட்டர் தள்ளிப் பார்த்தால், நேராக வரவேண்டிய ஒளியை அந்த லென்ஸ் 2 பிரிசம் (ஒளி எவ்வளவு வளைகிறது என்பதன் அலகு) அளவுக்கு ஒரு பக்கமாக வளைத்துவிடும், கண்தசைகள் அதை ஈடுகட்ட இழுத்துக்கொண்டே இருக்கும், மாலையில் தலைவலி. இல்லத்தில் இருக்கும் தாத்தா பாட்டிகள் மறுக்கவும் மாட்டார்கள், "நல்லாத் தெரியுதும்மா" என்று சொல்லிப் போட்டுக்கொள்வார்கள். கீழ்ப்பாதியில் படிக்கும் பவர் வைத்த பைஃபோகலை, அதுவும் அடுத்தவருடையதைப் போட்டுக்கொண்டு படி இறங்கி, கால் இடறி, இடுப்பு எலும்பு உடைந்து வருகிறவர்களைப் பற்றி நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும்.

இது என் சொந்தக் கருத்து மட்டுமில்லை. நன்கொடையாக வந்து குவிந்த பழைய கண்ணாடிகளை எடுத்துச் சோதித்து 2012இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதில் மறுபடி பயன்படுத்தக்கூடிய நிலையில் இருந்தவை வெறும் 7 சதவீதம்! தேறிய அந்த ஒரு கண்ணாடியைத் தேடிப் பிடித்து, கழுவி, பவர் அளந்து, கப்பலேற்றி ஒருவர் கையில் சேர்க்க ஆகும் செலவு 20 டாலருக்கு மேல் வந்தது. அந்தப் பணத்துக்கு இங்கே புதுசாகவே சில ஜோடி ரீடிங் கிளாஸ் வாங்கிவிடலாம். பார்வையிழப்பைத் தடுக்கும் அமைப்புகளின் உலகக் கூட்டமைப்பான ஐ.ஏ.பி.பி.கூடப் பழைய கண்ணாடி தானத்தை ஊக்குவிப்பதில்லை. லயன்ஸ் சங்கத்துக்கும் கண்ணுக்கும் உள்ள உறவு நெடியது, 1925இல் ஹெலன் கெல்லர் அவர்கள் மாநாட்டில் வந்து பேசியதில் தொடங்கியது. வெளிநாடுகளில் அவர்கள் கண்ணாடிகளைச் சேகரித்துத் தரம் பிரிக்கத் தனி மையங்களே வைத்திருக்கிறார்கள். உங்கள் மகள் அங்கே தன்னுடையதை அந்தப் பெட்டியில் போடட்டும், தப்பில்லை. நீங்கள் கடலூரிலிருந்து பார்சல் கட்டி அனுப்பினால் தபால் செலவு கண்ணாடியின் மதிப்பைத் தாண்டிவிடும். அங்கே போய்ச் சேர்ந்தாலும் தேறியது ஏதோ ஒரு ஏழை நாட்டுக்குத்தான் திரும்பி வரும், அது நம் ஊராகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு, அது உங்கள் பெட்டியிலேயே இருக்கிறது. உங்களுடைய வெள்ளெழுத்துக் கண்ணாடிகள். நாற்பது வயதுக்கு மேல் கிட்டத்தில் உள்ளது மங்கும்போது போடுவது, இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர், +1 முதல் +3 வரை, சிலிண்டர் இல்லாமல் இருந்தால் அதை இன்னொருவருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். உங்களுடையது அப்படிப்பட்டதுதானா என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கண்ணாடியைக் கண்ணிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து அதன் வழியாக எதிரே உள்ள கதவு நிலையின் நேர்க்கோட்டைப் பாருங்கள். கண்ணாடியை மெல்ல இடம் வலமாக நகர்த்தினால் கோடு எதிர்ப்பக்கம் ஓடுகிறதா, அது பிளஸ் பவர். கூடவே ஓடினால் மைனஸ். இனி ஒரு லென்ஸை மட்டும் பார்த்துக்கொண்டு, கண்ணாடியைக் கடிகார முள் போலச் சுற்றுங்கள். கோடு கத்திரிக்கோல் மாதிரி சாய்ந்து உடைந்தால் அதில் சிலிண்டர் இருக்கிறது, அது வேறு யாருக்கும் ஆகாது. சாயாமல் நின்றால் எடுத்து வையுங்கள். அப்புறம் பக்கத்துக் கண்ணாடிக் கடையில் பவர் அளக்கும் லென்சோமீட்டரில் வைத்துப் பார்க்கச் சொன்னால் ஒரு நிமிஷ வேலை, பெரும்பாலும் காசு கேட்க மாட்டார்கள். பவரைச் சிறு சீட்டில் எழுதிக் காது கம்பியில் ஒட்டிவிடுங்கள்.

யாருக்குக் கொடுப்பது? பூக்கட்டுகிறவர், தையல்காரர், மீன் ஆய்கிறவர், அரிசியில் கல் பொறுக்கும் உங்கள் வீட்டு வேலைக்கார அம்மா. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு வெறும் கிட்டப் பார்க்கும் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018இல் வந்தது, அவர்கள் பறித்த இலையின் அளவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தது. ஒரே நிபந்தனை, வாங்கிக்கொள்கிறவர் ஒரு தடவையாவது கண்ணைச் சோதித்திருக்க வேண்டும். மங்குவது எல்லாம் வெள்ளெழுத்து இல்லை, கண்புரையாகவோ கண் நீர் அழுத்தமாகவோ சர்க்கரையாகவோ இருக்கலாம். ஓசிக் கண்ணாடி கிடைத்துவிட்டது என்று டாக்டரிடம் போகாமல் இருந்துவிட்டால், நீங்கள் செய்த உதவியே அவருக்கு வினையாகும்.

மாமனாருடைய சோடாபுட்டிக்கு வருவோம். அது அனேகமாக +10 பக்கம் இருக்கும். அந்தக் காலத்தில் கண்புரை ஆபரேஷன் என்றால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸை எடுத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள், போன லென்ஸின் வேலையை வெளியே இந்தத் தடிக் கண்ணாடி செய்தது. கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைப்பதை லண்டனில் ஹெரால்ட் ரிட்லி 1949இல் தொடங்கினார் என்றாலும், அது நம் ஊர் ஏழைகளுக்கு எட்டியது ரொம்பத் தாமதமாகத்தான். மதுரையில் அரோலேப் 1992இல் தொடங்கி மலிவு விலையில் லென்ஸ் செய்ய ஆரம்பித்தது அதில் ஒரு பெரிய திருப்பம். இப்போது ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு சோடாபுட்டி தேவைப்படுவதே அபூர்வம், அதனால் அதைத் தானம் வாங்க ஆள் தேடாதீர்கள்.

ஆனால் நீங்கள் டீச்சராயிற்றே. +10 என்றால் குவியத் தூரம் 10 சென்டிமீட்டர், +2 என்றால் 50 சென்டிமீட்டர், பவரைக் கொண்டு 1 மீட்டரை வகுத்தால் கணக்கு தீர்ந்தது. ஜன்னலுக்கு எதிர்ச் சுவருக்கு 10 சென்டிமீட்டர் முன்னால் இந்த +10 லென்ஸைப் பிடித்தால் வெளியே நிற்கும் தென்னைமரம் தலைகீழாகச் சுவரில் விழும். பத்தாம் வகுப்பில் ஒளியியல் பாடம் நடத்த இதைவிட நல்ல கருவி எந்தக் கடையிலும் கிடைக்காது. உங்கள் மகனுடைய மைனஸ் லென்ஸ்கள் குழிலென்ஸுக்கு, உங்கள் ரீடிங் லென்ஸில் கீறல் விழுந்தவை குவிலென்ஸுக்கு. பிரேமிலிருந்து கழற்றி, ஓரத்தில் பவர் எழுதி, நீங்கள் வேலை பார்த்த பள்ளியின் ஆய்வகத்தில் கொடுங்கள். நிஜக் கண்ணாடியில் செய்த லென்ஸாக இருந்தால் ஓரத்துக்கு டேப் சுற்றிக் கொடுக்க வேண்டும், விளிம்பு கையைக் கிழிக்கும். சூரியனை அதன் வழியாகப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடச் சொல்லுங்கள், பேப்பரைப் பற்ற வைக்கும் லென்ஸ் விழித்திரையை விட்டு வைக்குமா?

கணவருடைய கண்ணாடிகளில் லென்ஸ் போகட்டும், பிரேமைப் பாருங்கள். நீங்களே போட்டுக்கொள்ளலாம், அல்லது மகன் போட்டுக்கொள்ளலாம், உங்கள் பவரில் புது லென்ஸ் மட்டும் ஏற்றினால் போதும். என்னைக் கேட்டால் பழைய கண்ணாடிக்கு இதைவிட நல்ல மறுவாழ்வு இல்லை. ஆனால் எல்லா பிரேமும் தாங்காது. காது கம்பியை மெல்ல விரித்து, கீல் ஆடுகிறதா, மூக்கு மேல் உட்காரும் பாலத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஷெல் பிரேம் வெளிறி, வெள்ளைப் பூத்து, கிறுக் கிறுக்கென்று சத்தம் போட்டால் பிளாஸ்டிக்கை வளைந்துகொடுக்க வைக்கும் இளக்கி உள்ளிருந்து போய்விட்டது என்று அர்த்தம், லென்ஸ் ஏற்றச் சூடு காட்டும்போதே உடையும். மெட்டல் பிரேமில் நோஸ் பேடுக்கு அடியில் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும், நம் கடலூர், புதுச்சேரி உப்புக் காற்றுக்கும் வேர்வைக்கும் அது தப்பாது. அந்த உலோகத்தில் செம்பு கலந்திருக்கிறது, அதுதான் பச்சையாக வருகிறது. பயப்பட ஒன்றுமில்லை, கடையில் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டுக் கழுவி, நோஸ் பேட் புதுசு மாற்றினால் போதும். மேல் பூச்சே உரிந்துபோய் தோல் அரிக்கிறது என்றால் விட்டுவிடுங்கள், நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்கள் நிறையப் பேர். பழைய பிரேமில் கம்பியின் உட்பக்கம் 12கே ஜி.எஃப். என்று பொடி எழுத்தில் இருந்தால் அது தங்கத் தகடு ஏற்றியது, காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

கடையில் கொண்டுபோனால் "இதுக்கெல்லாம் இப்ப லென்ஸ் வராது மேடம், புது பிரேம் பாருங்க" என்பார்கள். எங்கள் கண்ணாடித் தொழிலைப் பற்றி நானே சொல்கிறேன், இதில் பாதி விற்பனைப் பேச்சு. லென்ஸ் என்பது வட்டமாக வரும், எந்த பிரேமுக்கும் அதன் வடிவத்துக்கு வெட்டிக்கொள்ளலாம். பழைய பிரேம், உடைந்தால் எங்கள் பொறுப்பில்லை என்று அவர்கள் சொல்வது மட்டும் நியாயம், அதை ஒப்புக்கொண்டு கொடுங்கள். தூரமும் கிட்டமும் கோடு தெரியாமல் ஒரே லென்ஸில் வரும் புரோக்ரசிவ் லென்ஸ் போடுவதாக இருந்தால் பிரேமின் உயரம் போதுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும், சின்ன பிரேமில் படிக்கும் பகுதி வெட்டுப்பட்டுப் போகும்.

கூலிங் கிளாஸ் ஏழெட்டு என்றீர்கள். அவற்றைச் சும்மா பேரப்பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு கடையில் யு.வி. மீட்டரில் வைத்துப் பாருங்கள். கறுப்பாக இருப்பதற்கும் புற ஊதாக் கதிரைத் தடுப்பதற்கும் சம்பந்தமே இல்லை, கறுப்புக்குப் பின்னால் கண்மணி விரியும், தடுப்பு இல்லாத லென்ஸாக இருந்தால் வெறுங்கண்ணைவிட அதிகக் கதிர் உள்ளே போகலாம். யு.வி. 400 என்று ஸ்டிக்கர் ஒட்டி பீச் ரோட்டில் விற்பதெல்லாம் ஸ்டிக்கர்தான். தேறியது, கீறல் இல்லாதது, பவர் இல்லாதது என்றால் வெயிலில் வண்டி ஓட்டுகிறவருக்கோ கட்டுமான வேலைக்குப் போகிறவருக்கோ கொடுங்கள், தூசுக்காவது ஆகும். தேறாதவை பள்ளி நாடகத்துக்கு. கிரகணம் பார்க்க மட்டும் எந்தக் கூலிங் கிளாஸும் ஆகாது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும். ப்ளூடூத் வைத்த கண்ணாடி ஏதாவது கலந்திருந்தால் தனியாக எடுத்துவிடுங்கள், உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது, அது இ-வேஸ்ட் வாங்குகிறவரிடம்தான் போக வேண்டும், குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும்.

இத்தனையும் போக மிச்சம் இருப்பதைத்தான் கழிக்க வேண்டும். குட்டி ஸ்க்ரூ டிரைவரால் பிரித்துவிடுங்கள், அல்லது கடையிலேயே பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஸ்க்ரூ, நோஸ் பேட், நல்ல கம்பி இவற்றை ரிப்பேர் பார்க்கிறவர்கள் வாங்கி வைத்துக்கொள்வார்கள், பழைய மாடலுக்குப் புது ஸ்க்ரூ கிடைப்பது குதிரைக்கொம்பு. மெட்டல் பிரேம் காயலான் கடைக்கு. ஒரு பிரேம் 20, 25 கிராம்தான் இருக்கும், காசு ஒன்றும் பெரிதாகத் தேறாது, ஆனால் உலோகம் உருகி மறுபடி உலோகமாகிவிடும். லென்ஸ் அப்படி இல்லை. கடையில் ஃபைபர் லென்ஸ் என்று விற்கும் சி.ஆர்.39 சுட்ட செங்கல் மாதிரி, ஒரு தடவை இறுகினால் உருக்கி மறுபடி வார்க்க முடியாது. பாலிகார்பனேட் உருகும், ஆனால் பூச்சுகளோடு வரும் சின்னத் துண்டுகளைத் தனியாகப் பிரித்து வாங்க நம் பக்கம் ஆள் இல்லை. நிஜக் கண்ணாடி லென்ஸை பாட்டில் கண்ணாடியோடு சேர்க்கக் கூடாது, அது வேறு கலவை. பழைய கிரிப்டாக் பைஃபோகலில் கீழே தெரியும் அந்த வட்டத்துக்கு ஈயம் கலந்த கண்ணாடியை வைத்து உருக்கி ஒட்டியிருப்பார்கள்.

ஆகவே இவை மக்காத குப்பையில்தான் போகும், கடைசியில் உங்கள் மாநகராட்சிக் குப்பைக் கிடங்கில் போய்ச் சேரும். நாம் செய்யக்கூடியது அதைக் கையாளுகிறவர் கையைக் காப்பாற்றுவது. கண்ணாடி லென்ஸ்களை நாலைந்து மடிப்பு நியூஸ்பேப்பரில் சுற்றி, டேப் ஒட்டி, மேலே "உடைந்த கண்ணாடி" என்று பெரிசாக எழுதித் தூய்மைப் பணியாளர் கையில் சொல்லிக் கொடுங்கள். சாம்பார் சாதத்தோடு ஒரே கவரில் கட்டிப் போடுகிற வீடுகளையும் பார்க்கத்தான் செய்கிறேன்.

உங்கள் பெட்டியைப் பார்த்து நீங்கள் இவ்வளவு கவலைப்படுகிறீர்கள், ஆனால் குப்பையில் பெரிய பங்கு கடையில்தான் நடக்கிறது. லென்ஸ் 70 மில்லிமீட்டர் வட்டமாக வருகிறது, பிரேம் அளவுக்கு வெட்டும்போது பாதிக்கு மேல் தூளாகித் தண்ணீரோடு போகிறது. அந்தத் தூள் பிளாஸ்டிக்தான். எட்ஜிங் மெஷினுக்குக் கீழே துணிப் பை கட்டி அதைப் பிடிக்கலாம், பெரிய செலவில்லை, ஆனாலும் நிறையக் கடைகளில் நேராகச் சாக்கடைக்குத்தான் போகிறது. புது பிரேமில் விலைச் சீட்டோடு வரும் டம்மி லென்ஸ் வேறு, ஒவ்வொரு விற்பனைக்கும் இரண்டு. அடுத்த தடவை கண்ணாடி வாங்கும்போது "தூள் எங்கே போகுது தம்பி?" என்று டீச்சர் குரலில் ஒரு கேள்வி கேளுங்கள், நாலு பேர் கேட்டால் பை கட்டிவிடுவார்கள்.

முதியோர் இல்லத்துக்கு உதவ வேண்டும் என்ற ஆசை அப்படியே இருக்கட்டும், வழியை மட்டும் மாற்றுங்கள். உங்கள் ஊரிலிருந்து புதுச்சேரி வரும் சாலையிலேயே தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை 2003 முதல் இருக்கிறது, சுற்றுவட்டார ஊர்களில் முகாம் நடத்துகிறார்கள். இல்லத்தில் உள்ளவர்களை ஒரு முகாமுக்கு அழைத்துப் போக ஒரு வேன் ஏற்பாடு செய்யுங்கள். பார்வையைச் சோதித்து, பவர் எழுதி, அவரவர் அளவில் கண்ணாடி வாங்க ஆகும் செலவில் உங்களால் முடிந்ததைக் கொடுங்கள். கண்புரை இருந்தால் அதுவும் அங்கேயே தெரிந்துவிடும். தெரிந்த வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் யாராவது கரும்பலகை தெரியவில்லை என்றால் அவர்களுக்கும் பழையதைக் கொடுக்க வேண்டாம், அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கண்ணொளி காப்போம் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, தலைமை ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். அந்த வழி உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கடைசியாக மருமகளின் கான்டாக்ட் லென்ஸ். சரியில்லை. அது கரைந்து போகிற பொருள் இல்லை, சாக்கடையில் துண்டு துண்டாக உடைந்து நுண்பிளாஸ்டிக்காகிறது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2018இல் சொன்ன கணக்குப்படி அமெரிக்காவில் லென்ஸ் போடுகிறவர்களில் 15 முதல் 20 சதவீதம் பேர் இப்படித்தான் வாஷ்பேசினிலோ கழிப்பறையிலோ விடுகிறார்கள். கழற்றியதை ஒரு சின்ன டப்பாவில் சேர்த்து வைத்து, நிறைந்ததும் மக்காத குப்பையில் போடச் சொல்லுங்கள். லென்ஸ் வரும் பிளிஸ்டரின் மேல் தாளை உரித்துவிட்டு பிளாஸ்டிக் கிண்ணத்தைத் தனியாகக் காயவைத்தால் காயலான் கடைக்காரர் மற்ற பிளாஸ்டிக்கோடு எடுத்துக்கொள்வார். அப்படியே மருமகள் லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவுகிறாரா என்றும் விசாரியுங்கள். கழுவினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள், தண்ணீரில் இருக்கும் அகாந்தமீபா என்ற கிருமி கருவிழியைப் புண்ணாக்கிவிடும், அதற்கு வைத்தியம் மாதக்கணக்கில் இழுக்கும்.